பாட்டிலின் முதுகில் ஒளிந்திருக்கும் எச்சரிக்கை: உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் அவர்கள், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், புதுதில்லி.
உணவுப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள், தமிழ்நாடு அரசு, சென்னை.

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். நான் சேலம் மாவட்டம் ஆத்தூருக்கு அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்க்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக விசிலும் ஸ்டாப்வாட்சும்தான் என் பிழைப்பு. நான் மருத்துவன் அல்லன். உணவு வேதியியல் படித்தவனும் அல்லன். ஆனால் ஓடி முடித்த பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுவது என் அன்றாட வேலை. அந்தக் கையில் தட்டுப்பட்ட ஒன்றைத்தான் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு குறுவட்டத் தடகளப் போட்டி. பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான 600 மீட்டர் ஓட்டம். எங்கள் பள்ளியின் சார்பில் ஓடியவன் எட்டாம் வகுப்புப் பையன். எடை 34 கிலோ. அப்பா ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் இரவு வேலை, அம்மா விடிவதற்குள் களையெடுக்கப் போய்விடுவார். பையன் முதல் பஸ் பிடித்துத் தனியாக மைதானத்துக்கு வந்து சேர்ந்தான். இட்லி வாங்கிச் சாப்பிடச் சொல்லி அப்பா கொடுத்திருந்த ஐம்பது ரூபாயில் நாற்பது ரூபாய்க்கு இரண்டு பாட்டில் எனர்ஜி டிரிங்க் வாங்கிவிட்டான். குடித்தால் கால் தானாக ஓடும் என்று பத்தாம் வகுப்பு அண்ணன்கள் சொல்லியிருந்தார்களாம்.

ஓடினான். மூன்றாவதாக வந்தான். வழக்கமாக ஓடி முடித்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடப்பவன், அன்று சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். நாடி பார்த்தேன். பதினைந்து நொடிக்கு நாற்பது துடிப்பு; நிமிடத்துக்கு 160. ஓடி முடித்த பிள்ளைக்கு அது வியப்பில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் 110-க்குக் கீழே இறங்கிவிடும் பையன் அவன். பத்து நிமிடம் கழித்து எண்ணினேன்: முப்பத்தேழு. கால்மணி நேரம் கழித்து மறுபடியும் எண்ணினேன்: முப்பத்தைந்து. விரல்கள் நடுங்கின. "சார், நெஞ்சு உள்ளே இருந்து இடிக்கிறது" என்றான். பிறகு நுரை நுரையாக வாந்தி எடுத்தான்.

சக ஆசிரியரின் வண்டியில் நடுவில் உட்கார வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இ.சி.ஜி. எடுத்தார்கள். மாலை வரை படுக்க வைத்துத் துடிப்பு இறங்கிய பிறகு அனுப்பினார்கள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டபோது பையன் வாயைத் திறக்கவில்லை. பைக்குள் கைவிட்டு, அடியில் ஒரு மடக்கு மிச்சம் இருந்த இரண்டாவது பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான்.

நடந்ததற்கெல்லாம் அந்த பாட்டில் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வெறும் வயிறு, சேலத்து வெயில், முழு வேகத்தில் ஓடிய ஓட்டம் எல்லாம் சேர்ந்துதான் அவனைச் சாய்த்தன. ஆனால் வெறும் வயிற்றோடு வெயிலில் ஓடிய பிள்ளைகளை இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். மயங்கி விழுவார்கள்; தண்ணீர் தெளித்து மோர் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஓட்டம் நின்று கால்மணி நேரம் ஆகியும் நிமிடத்துக்கு 140 துடிக்கும் நெஞ்சை அதற்கு முன் நான் தொட்டதில்லை.

அந்த பாட்டிலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் தாயாரின் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். முன்பக்கம் பெயர் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு. பின்பக்கம் திருப்பினால், பொருட்பட்டியலுக்கும் உரிமம் எண்ணுக்கும் நடுவில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ஆங்கிலத்தில், நீங்கள் எழுதச் சொன்ன வாசகம் இருந்தது. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், காபியில் இருக்கும் கஃபீன் என்ற பொருள் ஒத்துக்கொள்ளாதவர்கள், விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கு இது பரிந்துரைக்கப்படுவதில்லை. ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் அருந்த வேண்டாம்.

என் பையன் குழந்தை. அவன் விளையாட்டு வீரனும்கூட. ஒரே வரியில் இரண்டு முறை விலக்கப்பட்டவன். அந்த வரியை அவனால் படிக்க முடியவில்லை.

மறுநாள் எங்கள் பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் போனேன். அவரும் இதே சரக்கைத்தான் பிரிட்ஜில் அடுக்கி வைத்திருக்கிறார். இதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறதே, தெரியாதா என்று கேட்டேன். "எங்கே சார் போட்டிருக்கிறது, காட்டுங்கள்" என்றார். காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு இங்கிலீஷ் எங்கே தெரியும்? பீடிக்கட்டில் படம் போட்டிருக்கிறான், பார்த்தாலே புரிகிறது. இதில் ஒரு படம்கூட இல்லையே" என்றார். அன்றிலிருந்து சீருடை போட்ட பிள்ளைகளுக்கு அவர் இதை விற்பதில்லை. நான்கு கடை தள்ளி வேறொருவர் விற்கிறார் என்பது வேறு விஷயம். ஆனால் அந்த அக்காவுக்குச் சொன்னால் புரிந்தது. புரிந்ததும், தனக்கு வர வேண்டிய லாபத்தை அவராகவே விட்டுக்கொடுத்தார். அவருக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது அல்லவா?

உங்கள் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிமுறையை எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை வைத்துப் படித்துப் பார்த்தேன். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ இருந்தால் போதும். வேறு மொழியில் போடுவது நிறுவனத்தின் விருப்பம். அதாவது, தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெட்டிக்கடையில், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு விற்கும் பொருளில், "உனக்கு ஆகாது" என்ற செய்தி தமிழில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தெலுங்குப் பிள்ளைக்கும் ஒடியப் பிள்ளைக்கும் இதே நிலைமைதான். விளம்பரம் மட்டும் எங்கள் மொழியில் வருகிறது. சுவரில், பஸ்ஸின் முதுகில், தொலைக்காட்சியில், எங்களுக்குப் புரியும் தமிழில் "குடி" என்று சொல்கிறவர்கள், "குடிக்காதே" என்பதை மட்டும் ஏன் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள்?

இனி பாட்டிலுக்குள் இருப்பதைப் பற்றி.

2016-இல் நீங்கள் வகுத்த தரத்தின்படி இந்தப் பானத்தின் சட்டப்பெயர் கஃபீன் கலந்த பானம். லிட்டருக்கு 145 மி.கி.க்குக் குறையாமலும் 300 மி.கி.க்கு மிகாமலும் கஃபீன் இருக்கலாம். 300 மி.கி. என்றால் 250 மி.லி.க்கு 75 மி.கி. பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. வரை கவலையில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன கணக்கு. 34 கிலோ பையனுக்கு அது 102 மி.கி. உச்ச அளவில் கஃபீன் உள்ள இரண்டு பாட்டில் என்றால் 150. நான்காம் ஐந்தாம் வகுப்பில் 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரே பாட்டிலோடு நாள் கணக்கு முடிந்துவிடுகிறது. நீங்கள் எழுதச் சொல்லும் 500 மி.லி. வரம்பு பெரியவர்களுக்கானது. அதற்குப் பக்கத்திலேயே குழந்தைக்கு வேண்டாம் என்ற வரி இருந்தாலும், கடையில் கைநீட்டும் குழந்தையைத் தடுக்க அந்தத் தரத்தில் ஒன்றும் இல்லை.

காபியிலும் கஃபீன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நானும் காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடிக்கிறவன்தான். சூடான காபியை ஆற்றி ஆற்றிக் குடிக்கக் கால்மணி ஆகிறது. குளிரவைத்த இனிப்புத் தண்ணீரை ஒரே மூச்சில் அண்ணாந்து ஊற்றிவிடலாம். என் பையன் இரண்டை ஊற்றினான். எந்த அம்மாவும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஓட்டப்பந்தயத்துக்கு முன் வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் டிக்காஷனைக் கொடுக்க மாட்டாள். காபி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். எனர்ஜி என்ற பெயரில் வருவது காபியின் சரக்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

எனர்ஜி என்ற அந்தச் சொல்லின் மேல்தான் எனக்குக் கோபம். கஃபீன் உடம்புக்குச் சக்தி தருவதில்லை. களைப்பைச் சொல்லும் அடினோசின் என்ற பொருள் மூளையில் போய் உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அதன் முதன்மையான வேலை அதுதான். களைப்பு அப்படியேதான் இருக்கும், செய்தி மட்டும் போய்ச் சேராது. களைப்பு என்பது உடம்பு ஊதும் விசில். அதை நிறுத்திவிட்டுப் பிள்ளையை ஓட விடுகிறோம். மிச்சமுள்ள சக்தி சர்க்கரையிலிருந்து வருகிறது. இந்த வகைப் பானங்கள் பலவற்றில் 100 மி.லி.க்கு 11 கிராம் வரை சர்க்கரை; 250 மி.லி. டப்பா ஒன்றில் 27 கிராம், ஆறு தேக்கரண்டிக்கு மேல். சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பெரியவர்களுக்கே சொன்னது.

2019-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு சோதனை வெளியானது. 18 முதல் 40 வயது வரையுள்ள ஆரோக்கியமான 34 பேருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் எனர்ஜி பானம் கொடுத்து இ.சி.ஜி. எடுத்தார்கள். நான்கு மணி நேரம் கழித்தும் இதயத்தின் மின்னோட்டத்தில் க்யூ.டி. எனப்படும் இடைவெளி நீண்டிருந்தது; இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. அந்த இடைவெளி அளவுக்கு மீறி நீண்டால் துடிப்பு தாளம் தப்பும் என்பது டாக்டர்கள் அறிந்தது. கவனியுங்கள், அவர்கள் நோயில்லாத பெரியவர்கள். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு உள்ள பிள்ளை எங்கள் மைதானத்தில் ஓடினால் அது எனக்கும் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது. கிராமத்துப் பள்ளியில் யார் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு ஓட விடுகிறார்கள்? குழந்தைகளின் உணவிலும் வளரிளம் பருவத்தினரின் உணவிலும் எனர்ஜி பானத்துக்கு இடமே இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2011-லேயே சொல்லிவிட்டது.

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் பெண் பிள்ளைகளும் வாங்குகிறார்கள். விடிய விடியப் படிப்பதற்காம். பெரியவர்களின் உடம்பிலேயே குடித்த கஃபீனில் பாதி கழியச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்தால் மூன்று மணிக்கும் பாதி உள்ளே நிற்கும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நின்றபடியே சரிந்த பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன். விசாரித்தால் மூன்று இரவுத் தூக்கம் பாக்கி இருக்கும்.

இதே மடலில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது என் வீட்டுக்குள் நடந்தது.

என் தாயாருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். போன கோடையில் உறவுக்காரப் பையன் ஒருவன் நகரத்திலிருந்து ஒரு சத்துப்பொடி டப்பா வாங்கி வந்து கொடுத்தான். "சர்க்கரை சேர்க்கப்படாதது" என்று முன்பக்கம் பெரிதாக இருந்தது. அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. காலை உணவோடு பாலில் இரண்டு கரண்டி கலக்கிக் குடித்தார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வழக்கமாக 170, 180 காட்டும் கருவி 250-ஐத் தாண்டிக் காட்டத் தொடங்கியது. மாத்திரையை மாற்ற வேண்டுமோ என்று பயந்தோம். பொடியை நிறுத்திப் பார்த்தோம். மூன்றாம் நாள் பழைய அளவுக்கு வந்துவிட்டது. டப்பாவைத் திருப்பினேன். பொருட்பட்டியலில் இரண்டாவதாக மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தது.

அந்தப் பெயர் எனக்குப் புதிது. ஆனால் அது எதிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டபோது வெட்கமாக இருந்தது. என் அப்பா வாழ்நாள் முழுக்கச் சேகோ ஆலையில் உழைத்தவர். எங்கள் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, வடிகட்டி, பாலைத் தொட்டியில் விட்டுவிடுவார்கள். காலையில் பார்த்தால் மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். அடியில் மாவு சுண்ணாம்புப் பாறை போல இறுகிக் கிடக்கும். அதைத்தான் ஜவ்வரிசியாக உருட்டுவோம், ஸ்டார்ச்சாகக் காயவைப்போம். இந்த மாவோ மக்காச்சோள மாவோ, எதுவானாலும் சரி. அதை நீரில் கரைத்துச் சூடாக்கி நொதி சேர்த்தால், மாவுச்சத்தின் நீண்ட சங்கிலி துண்டு துண்டாக உடையும். கொஞ்சம் உடைத்து நிறுத்தி, தெளித்துக் காயவைத்தால் அது மால்டோடெக்ஸ்ட்ரின். மேலும் உடைத்துக்கொண்டே போனால் மிட்டாய்க்காரர்கள் வாங்கும் திரவ குளுக்கோஸ். ஆக, இது சர்க்கரைக்குப் போகும் பாதையில் நடுவழியில் நிறுத்தப்பட்ட மாவு. நாக்கில் இனிப்பு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் உடம்பில் வெள்ளைச் சர்க்கரையைவிட வேகமாக இரத்த குளுக்கோஸை ஏற்றும்.

சங்கிலி நீளமாக இருப்பதால் சட்டம் இதைச் சர்க்கரை என்று எண்ணுவதில்லை. ஊட்டச்சத்துப் பட்டியலில் "சேர்க்கப்பட்ட சர்க்கரை" என்ற வரியில் இது வராது. மொத்தக் கார்போஹைட்ரேட் என்ற பெரிய எண்ணுக்குள் மறைந்துகொள்ளும். அதனால்தான் ஒரே டப்பாவில் முன்பக்கம் "சர்க்கரை சேர்க்கப்படாதது" என்றும் பின்பக்கம் மால்டோடெக்ஸ்ட்ரின் என்றும் எழுத முடிகிறது. இரண்டும் சட்டப்படி உண்மை. என் தாயாரின் விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு இரத்தமும் உண்மைதான்.

மால்டோடெக்ஸ்ட்ரின் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. மாரத்தான் ஓடுபவர்களும் நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டுபவர்களும் இதைத் தெரிந்தே கரைத்துக் குடிக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வேகம் வேண்டும், ஓடி எரித்துவிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லும் 68 வயதுப் பெண்மணிக்கு அது எதற்கு? சூப் பொடி, சிப்ஸின் மேல் தூவும் மசாலா, குழந்தைகளுக்கான மால்ட் பொடி, ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் உடம்பை ஏற்ற வாங்கும் மாவு என்று இது நுழையாத இடம் குறைவு. இது குடலின் உள்பூச்சைப் பாதிக்கிறது, கெட்ட நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொள்ள வழிசெய்கிறது என்று எலிகளிலும் செல்களிலும் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. இவற்றை வைத்து இப்போதே தடை செய்யுங்கள் என்று கேட்க மாட்டேன். ஆனால் இரத்தச் சர்க்கரை விஷயத்துக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. வீட்டில் இருக்கும் கருவியே காட்டிக்கொடுக்கிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு இந்த நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று சொன்னது. அந்த டப்பாவை வாங்குகிறவர்கள் இவர்கள்தான்.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2024 ஏப்ரலில், பால், தானியம், மால்ட் பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்றோ "எனர்ஜி டிரிங்க்" என்றோ வகைப்படுத்தி விற்கக் கூடாது என்று இணைய விற்பனையாளர்களுக்கு உத்தரவிட்டீர்கள். 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்குப் பொருந்தாத எந்தப் பானமும், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குறிக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கக் கூடாது என்றீர்கள். வயிற்றுப்போக்கில் தவிக்கும் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரை மருந்தென்று நம்பிக் கொடுத்த எத்தனையோ தாய்மார்களை அந்த உத்தரவு காப்பாற்றும். ஒரு சொல்லின் வலிமை உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அவையே சான்று. ஆனால் அந்த மூன்று எழுத்துகளுக்காக ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. எனர்ஜி என்ற சொல்லுக்கும் எட்டு ஆண்டுகள் காக்க வைக்காதீர்கள். என் எட்டாம் வகுப்புப் பையனுக்கு அப்போது இருபத்தொரு வயது ஆகியிருக்கும்.

பள்ளிக்குழந்தைகளின் உணவுக்கென்று 2020-இல் நீங்கள் வகுத்த விதி ஒன்றும் இருக்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கக் கூடாது. நீளம் தாண்டுதலுக்கு வைத்திருக்கும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். எங்கள் வாசலிலிருந்து அந்த அக்காவின் கடை 19 மீட்டர். நான்கு கடை தள்ளி விற்பவர் 36 மீட்டர். விதி வந்து இத்தனை ஆண்டுகளில் ஓர் அதிகாரி வந்து அளந்து நான் பார்க்கவில்லை. அந்த விதியிலும் ஒரு ஓட்டை உண்டு. சர்க்கரையை வைத்துத்தான் அது பானத்தைப் பிடிக்கிறது. சர்க்கரையே இல்லாத எனர்ஜி பானம் வந்துவிட்டது. அதில் கஃபீன் அதே அளவு இருக்கிறது. அது அந்த வலையில் விழாது.

வரித்துறைக்கு இது புரிந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கஃபீன் பானங்களுக்கு 40 விழுக்காடு ஜி.எஸ்.டி.; நாட்டிலேயே உச்சமான விகிதம் அதுதான். அத்தனை வரி போட்டும் இருபது ரூபாய் பாட்டில் கிடைக்கிறது என்றால், விலையை வைத்துப் பிள்ளைகளைத் தடுக்க முடியாது என்றுதான் பொருள். லிதுவேனியா 2014-லும் லாட்வியா 2016-லும் போலந்து 2024-லும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதையே நிறுத்திவிட்டன. இங்கிலாந்து பதினாறு வயதை எல்லையாக வைக்க முன்வந்திருக்கிறது. வெளிநாடு வரை போக வேண்டியதில்லை. நம் பஞ்சாப் மாநிலம் 2025-இல் பள்ளிகளிலும் அவற்றை ஒட்டிய கடைகளிலும் பிள்ளைகளுக்கு விற்கத் தடை விதித்தது. தமிழ்நாடு உணவுப் பாதுகாப்பு ஆணையர் அவர்களே, இந்த வரியை உங்களுக்காகவே எழுதுகிறேன். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று ஒரு பதில் வரும். இரவெல்லாம் ஆலையில் நின்றுவிட்டு விடிகாலையில் கண் எரிய வீட்டுக்கு வரும் அப்பன், மகன் கையில் ஐம்பது ரூபாயைக் கொடுத்து "வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஓடு" என்று சொன்னானே, அதற்கு மேல் அவன் எப்படிப் பார்த்துக்கொள்வது? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பிள்ளைக்குக் காலையில் பசிக்காதா என்ன? இது உங்கள் துறை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நாற்பது ரூபாய் எங்கே போயிற்று என்று யோசிக்கும்போதெல்லாம் இதுவும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். கஃபீன் பானம் ஒவ்வொன்றிலும், விற்கப்படும் மாநிலத்தின் மொழியில், முன்பக்கத்தில், பெயருக்குப் பக்கத்திலேயே, கடைக்காரர் கைநீட்டும் தூரத்திலிருந்து படிக்க முடிகிற எழுத்தில் எச்சரிக்கை வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஒரு படமும் வேண்டும். எனர்ஜி என்ற சொல்லைச் சட்டப்பெயரான கஃபீன் பானத்துக்கு மாற்றாக விளம்பரம் செய்ய விடாதீர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதைக் குற்றமாக்குங்கள். 50 மீட்டர் விதியில் கஃபீன் பானத்தைப் பெயர் சொல்லிச் சேருங்கள், சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும். மால்டோடெக்ஸ்ட்ரினும் அதைப் போன்ற உடைத்த மாவுகளும் சேர்ந்த பண்டத்தில் "சர்க்கரை சேர்க்கப்படாதது" என்ற வாசகத்தை அனுமதிக்காதீர்கள். அவற்றின் அளவைக் கிராமில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். உணவின் தரத்துக்கு ஏற்பப் பொட்டலத்தின் மேல் நட்சத்திரம் போட 2022-இல் நீங்கள் முன்வைத்த மதிப்பீட்டு முறையால் இதற்குப் பயன் இல்லை. நட்சத்திரம் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பரிசு. ஒரு நட்சத்திரம் வாங்கிய பாட்டிலும் அவர்கள் கண்ணுக்குப் பாராட்டு வாங்கிய பாட்டிலாகத்தான் தெரியும். சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை போன்றவை மிகுந்த பண்டங்களின் பொட்டலத்தின் முன்னால், எச்சரிக்கையாகக் கறுப்பு எண்கோணம் போடுகிறார்கள். அதை யாரும் பாராட்டு என்று நினைக்க மாட்டார்கள்.

இந்த ஆண்டுக் குறுவட்டப் போட்டிக்கு அந்தப் பையன் மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறான். காலையில் அவனுக்கும் இன்னும் பதினொரு பிள்ளைகளுக்கும் கம்மங்கூழும் வாழைப்பழமும் நாங்கள் ஆசிரியர்கள் முறைவைத்துக் கொண்டுவருகிறோம். ஓடுவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டுவிடுகிறான். போன வாரம் ஓடி முடித்து ஐந்தாம் நிமிடம் எண்ணினேன். 104.

அன்று டாக்டரின் மேசையில் அவன் வைத்த பாட்டிலைக் கழுவி வைத்திருந்தேன். இந்த மடலின் பிரதியோடு அதையும் உங்கள் அலுவலகத்துக்கு அஞ்சலில் அனுப்புகிறேன். அனுப்பும் முன் அவனையே கூப்பிட்டு, பின்பக்கத்து ஆங்கில வரியை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்து, பொருள் சொன்னேன். ஒரு வெள்ளைத் தாளைக் கீற்றாக வெட்டி, "குழந்தைகள் இதைக் குடிக்கக் கூடாது" என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, பாட்டிலின் முன்பக்கம் ஒட்டிக் கொடுத்தான். நான்கே சொற்கள். ஒட்டுவதற்கு இடம் தாராளமாக இருந்தது.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியர்,
ஆத்தூர் வட்டம், சேலம் மாவட்டம்.